“குடுங்க பாட்டி, நானே போட்டுத் தர்றேன்!”

கைபேசி வந்த பிறகு நம் வீடுகளில் அன்போடு அதிகம் சொல்லப்படும் வாக்கியம் அநேகமாக இதுதான். பேரன் சொல்கிறான். இ-சேவை மையத்தில் கணினிக்குப் பின்னால் இருக்கும் பெண் சொல்கிறார். வங்கி வரிசையில் பின்னால் நிற்கும் முன்பின் தெரியாத இளைஞர்கூடச் சொல்கிறார். காஸ் பதிவு, மின்கட்டணம், சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட் எல்லாம் இப்படித்தான் நடந்தேறுகின்றன. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நடுவில் ஒரே ஒரு கேள்வி வரும்: “ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதை மட்டும் சொல்லுங்க.” பாட்டியும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்கிறார்.

மோசடிக்காரனும் அதே கேள்வியைத்தான் கேட்கிறான்.

‘ஓடிபி’ எனப்படும் அந்த ஒருமுறைக் கடவு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. பாட்டியின் அனுபவமோ நேர் எதிரானது. அந்த எண்ணை அடுத்தவரிடம் சொன்னபோதெல்லாம் அவருக்கு வேலை நடந்திருக்கிறது, சொல்லாதபோது நின்றுபோயிருக்கிறது. நல்லவர்களிடமே சொல்லிப் பழகியவர், ஒருநாள் தொலைபேசியில் மரியாதையாகப் பேசும் திருடனிடமும் சொல்லிவிடுகிறார். பணம் போன பிறகு, “படிச்சுப் படிச்சுச் சொன்னோமே” என்று வீடே அவரைத் திட்டுகிறது. அந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்த்தது வீடும் அலுவலகமும்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போதைய வி.எஸ்.என்.எல். நிறுவனம் தொடங்கிவைத்தது. அதன் பிறகு பிரவுசிங் சென்டர், மின்னஞ்சல், ஆர்குட், ஸ்மார்ட்போன் என்று படிப்படியாக ஏறி வந்தவர்கள் இன்றைய நடுவயதுக்காரர்கள். தப்பும் தவறுமாகப் பழக அவர்களுக்கு இருபது ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது புதிதாக வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை. வங்கி, ரேஷன், தாலுகா அலுவலகம், துபாயில் இருக்கும் மகன் எல்லாரும் ஒரே கண்ணாடிப் பலகைக்குள் ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். எந்தப் பொத்தானை அமுக்கினால் பாட்டு வரும், எதை அமுக்கினால் பணம் போகும் என்று தெரியாத பதற்றம் அவருக்கு. “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்பவர்கள், தங்களுக்கு அது எப்போது தெரிந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கற்றுக்கொடுக்க வேண்டியது மலையளவு அல்ல. முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். தபால் உறையில் ஊர்ப் பெயர் கடைசியில் இருப்பதுபோல, இணைய முகவரியிலும் உண்மையான ஆளைக் காட்டுவது முடிவுப் பகுதிதான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். போலித் தளம் அரசின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, கடைசியில் வேறெதையோ ஒட்டியிருக்கும். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இதற்காகத்தான். நல்ல ஏற்பாடு, ஆனால், முகவரியின் வாலைப் பார்க்கும் வழக்கமே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

அடுத்தது பணம். 2016-இல் வந்த யுபிஐ, பெட்டிக்கடை வரை போய்விட்டது. அதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: பணம் நம்மிடமிருந்து போகும்போது ரகசிய எண் வேண்டும். நமக்குப் பணம் வருவதற்கு எண்ணும் வேண்டாம், எதையும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம். இந்த ஒரு வரி புரிந்தவரிடம், “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்” என்பது எடுபடாது. ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ அழைப்பில் மிரட்டுகிறார்களே, சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைச் சொன்னார். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

அதற்காகப் பயத்தை முதல் பாடமாக வைக்கக் கூடாது. விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் போதும், தேடியது வரும் என்று காட்டிப் பாருங்கள். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் டி.எம்.எஸ். பாட்டைத் தானே வரவழைத்துக் கேட்பார். விவசாயிக்கு உழவன் செயலியில் சந்தை விலையைக் காட்டலாம். நிலம் வைத்திருப்பவருக்கு அவருடைய பட்டாவை அவர் கையிலேயே திறந்து காட்டலாம். ஆசையில் தொடங்கியவர் எச்சரிக்கையையும் காதுகொடுத்துக் கேட்பார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடி வீடுகளை இலக்காக வைத்து 2024 மார்ச்சில் முடிந்தது. கணக்குப்படி இலக்கைத் தாண்டியது. ஆனால், திட்டத்தின் வரையறையைப் பாருங்கள்: வீட்டுக்கு ஒருவர், வயது 14 முதல் 60 வரை. மற்றவர்கள் அவரிடம் போனை நீட்ட வேண்டியதுதான். அறுபதைத் தாண்டியவர்கள் கணக்கிலேயே இல்லை. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்ற நம் நினைப்பையே திட்டமும் வழிமொழிந்துவிட்டது. மகளிர் உரிமைத்தொகை அம்மாவின் கணக்கில் ஏறுகிறது; ஏறிய செய்தி மகனின் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு வருகிற வீடுகள் இன்னும் உண்டு.

இதைவிட நல்ல முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஓட்டப் பழகினார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். பெண்களைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போக ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால், அந்த மாவட்டத்தில் எதுவும் மாறியிருக்காது.

கேரளம் அதே வழியில்தான் போனது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் கற்றுக்கொடுத்து, 2022-இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவித்தார்கள். பிறகு மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்து, தெரியாதவர்கள் ஏறத்தாழ 21.88 லட்சம் பேர் என்று கண்டறிந்து, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்களை அனுப்பினார்கள். மேல் வயது வரம்பு வைக்கவில்லை. நூறு வயதைக் கடந்தவரும் கற்றார். 2025 ஆகஸ்டில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. நூற்றுக்கு நூறு என்ற முழக்கத்தைச் சற்றே ஐயத்தோடு பார்ப்பவர்கள்கூட, திண்ணைக்குப் போன அந்த முறையைக் குறைசொல்ல மாட்டார்கள்.

ஆக, இது யார் பொறுப்பு? பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: போன் பெரியவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் விரல் திரையைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். வங்கி ஊழியரும் இ-சேவை மையத்தாரும், ஓடிபியை வாய்விட்டுச் சொல்லச் சொல்லாமல் வாடிக்கையாளரையே தட்டச்சு செய்ய வைக்கலாம். நூலகம், மகளிர் சுயஉதவிக் குழு, கிராம சபை எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் கூடும் இடங்கள். புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. பெரியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு: “இந்த வயசுல எனக்கெதுக்கு?” என்று ஒதுங்குவது யாருக்கு வசதி?

தளங்களையும் செயலிகளையும் வடிவமைப்பவர்களின் பங்கை எளிதாக விட்டுவிட முடியாது. 2021 மே மாதம், 18 முதல் 44 வயது வரையிலானோருக்கு இணையத்தில் பதிந்தால்தான் கொரோனா தடுப்பூசி என்றார்கள். அப்போது பதிவுக்கான கோவின் தளம் ஆங்கிலத்தில் இருந்தது. கிராமத்துக்காரர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. பிறகுதான் இந்திய மொழிகள் வந்தன, நேரில் போனால் ஊசி என்ற வழியும் விரிந்தது. இன்னொரு வழக்கையும் பார்க்கலாம்: அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களால் கேமரா முன் கண் சிமிட்ட முடியவில்லை. அதனால் வங்கிச் சரிபார்ப்பு நின்றது. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உரிமை என்று ஆகிவிட்ட பிறகு, கற்றுக்கொள்ள முடியாதவருக்கும் விரும்பாதவருக்கும் ஒரு ஜன்னலும் ஒரு மனிதரும் இருந்தே தீர வேண்டும். “எல்லாம் ஆன்லைன்ல போட்டுருங்க” என்று கவுன்டரை மூடுவது சீர்திருத்தம் ஆகாது.

எங்கே தொடங்குவது என்றால், நவம்பர் மாதம் வசதியானது. ஆயுள் சான்று கொடுக்க மத்திய அரசு ஓய்வூதியர்கள் வங்கிகளில் வரிசை கட்டும் மாதம் அது. வீட்டிலிருந்தே கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி 2021 முதல் இருக்கிறது. அருகில் உள்ள கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்களை வரவழைத்து, வரிசையில் இருப்பவர்களின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். அடுத்த நவம்பரில் வரிசை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வங்கி மேலாளரே எண்ணிப் பார்க்கட்டும்.