சுண்ணாம்புச் சுவர் சொல்லும் பிணைப்பு

காரைக்குடிப் பக்கம் வேதியியல் வகுப்பில் அடிக்கடி காதில் விழுவது இது: அயனிப் பிணைப்பு கொடுக்கல் வாங்கல், சகப்பிணைப்பு பங்காளி உறவு. வட்டித் தொழிலும் பாகப்பிரிவினையும் அறிந்த ஊர் என்பதால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்த உவமையின் தோளில் ஏறிக்கொண்டு சில முடிவுகளும் வகுப்புக்குள் வந்துவிட்டன. சேர்மம் என்றால் இரண்டில் ஒன்றுதான்; அயனிப் பிணைப்பு உறுதி, சகப்பிணைப்பு மெலிவு; முன்னது தண்ணீரில் கரையும், பின்னது கரையாது, மின்சாரமும் கடத்தாது. மதிப்பெண் வாங்கித் தருகிறது என்பதற்காக இவற்றை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

'இரண்டில் ஒன்று' என்பதை முதலில் பார்ப்போம். செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். வழுவழுவென்று, சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்ததைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் பூச்சை இறுக்கிப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரியில் வெந்த கிளிஞ்சல், கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கிளிஞ்சல் எதுவாக இருந்ததோ அதுவாகவே.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பூச்சு அயனிப் பிணைப்பா, சகப்பிணைப்பா? கால்சியம் நேர்மின் அயனி, கார்பனேட் எதிர்மின் அயனி. இவற்றுக்கிடையில் அயனிப் பிணைப்பு. அந்தக் கார்பனேட்டுக்கு உள்ளே போனால் ஒரு கார்பனும் மூன்று ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு சகப்பிணைப்பில் இருக்கின்றன. ஒரே சுண்ணாம்பில் இரண்டும் இருக்கின்றன. மயில்துத்தம், சோடா உப்பு, நவச்சாரம் எல்லாமே இப்படித்தான்.

உறுதி, மெலிவு என்ற பேச்சுக்கு ஆச்சிமார் போடும் வைரத்தோடு ஒன்றே போதும். வைரம் முழுக்கக் கார்பனின் சகப்பிணைப்பு. சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகிவிடும். ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸை உருக்க ஏறக்குறைய 1,700 டிகிரி வேண்டும், அதுவும் பெரும்பாலும் சகப்பிணைப்புதான். பிறகு ஏன் டப்பாவில் வைத்த கற்பூரம் தானாகக் குறைகிறது என்பார்கள். காற்றோடு போவது முழு மூலக்கூறு. அதற்குள் இருக்கும் பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. அறுந்திருந்தால் சாமி அறையில் கற்பூர வாசம் ஏது? மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்புதான் மெலிந்தது. அந்தப் பழியைப் பிணைப்பின் மேல் போடுவது நியாயமில்லை.

கரைவதும் அப்படியே. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். கால்சியம் கார்பனேட் என்றால் சுமார் 15 மில்லிகிராம்தான். உப்பைப் போலக் கரைந்திருந்தால் இத்தனை ஐப்பசி மழைக்கு இந்தச் சுவர்கள் நின்றிருக்குமா? சர்க்கரை சகப்பிணைப்பு, காபியில் கரையத்தானே செய்கிறது. கந்தக அமிலமும் சகப்பிணைப்பு மூலக்கூறுதான். தண்ணீரில் சேர்ந்ததும் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வேலை செய்வது அதை வைத்துத்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட ஊர் இது. இங்கே பிள்ளைகள் இதைத் தப்பாகப் படிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

'கொடுக்கல்' என்ற சொல்லிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. சோடியம், வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வேண்டுமென்று தானாகவே கொடுத்துவிடுகிறதாம். வாயு நிலையில் ஒரு மோல் சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணு அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349. பேரேட்டில் எழுதினால் 147 நஷ்டம். அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் 787 கிலோஜூல்தான் கணக்கை லாபத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த அடுக்கில் கொடுத்தவன், வாங்கியவன் என்ற ஜோடியே கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். 1927இல்கூட ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் இதை ஏற்காமல் 'நேச்சர்' இதழில் காட்டமாக எழுதினார். ஜோடி என்ற படம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். இடிந்த வீட்டிலிருந்து உதிர்ந்த காரைச் சில்லு ஒன்றை எடுத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சாறு பட்ட இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அமிலம் வந்ததும் கால்சியம் பிடியை விட்டுச் சாற்றில் இறங்கிவிடுகிறது. கார்பன் ஒரு ஆக்சிஜனை மட்டும் இழந்து, மற்ற இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு குமிழாக வெளியே வருகிறது.