பேஸ்மென்ட்டில் ஸ்டுடியோ வேண்டாமே!

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்த நம்ம மக்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் வருடம் கீபோர்டு. அடுத்த வருடம் கன்டென்சர் மைக். அப்புறம் கடனோ உடனோ வாங்கிச் சொந்த வீடு கட்டினால், "கீழே ஒரு ஸ்டுடியோ போட்டுடலாம்ல?"

ஈஜிபுராவில் என் தெருவிலேயே நண்பர் ஒருவர் பிளானும் கையுமாகத் திரிகிறார். 30க்கு 40 சைட். கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்ட்டை, சத்தம் துளியும் வெளியே போகாத அறையாக மாற்றப் போகிறாராம். அவர் பாட்டுக்கு நான் ரசிகன். அந்த உரிமையில் சொல்கிறேன், வேண்டாம்.

ஆசையில் தப்பே இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் 1989ல் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் தொடங்கினார், 1992ல் ரோஜா வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதானே நாம். (ஆனால் பாருங்க, அவர் போட்டது கொல்லையில், பாதாளத்தில் இல்லை :-))

தேவையும் நிஜம்தான். இங்கே வீடுகள் சுவரோடு சுவர். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சாதாரணப் பேச்சே பக்கத்தில் நின்று கேட்டால் 60ஐத் தொடும். ட்ரம்ஸ் 100ஐத் தாண்டும். நமக்கோ ஆபீஸ் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் பாட்டே வரும்.

சுற்றிலும் மண் இருப்பதால் பேஸ்மென்ட் அமைதி என்று தோன்றும். ஆனால் மேலே தளம் இருக்கிறதே! பேஸ் சத்தம் தூண் வழியாக ஏறி பெட்ரூமுக்குப் போய்விடும். அதை நிறுத்த அறைக்குள் இன்னொரு அறை கட்ட வேண்டும்: பழைய சுவரைத் தொடாத தனிச் சுவர், ரப்பர் மேல் நிற்கும் தரை, இரட்டை ஜிப்சம் போர்டு, இடையில் ராக்வுல். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுவது சுமார் 6 டெசிபல் தடுப்புதான். அதோடு, சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலும், எவ்வளவு செலவு செய்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆக, உண்மையான சவுண்ட்ப்ரூஃப் என்பது கிட்டத்தட்ட காற்றுப் புகாத பெட்டி. அந்தப் பெட்டியைத் தரைக்குக் கீழே வைப்பதுதான் எனக்கு உதைக்கிறது.

1. தண்ணீர்: ஈஜிபுரா இருப்பது கோரமங்களா பள்ளத்தாக்கில். மழை பெய்தால் ராஜகாலுவே வழியாக எல்லாம் பெல்லந்தூர் ஏரியைப் பார்த்து ஓடும். 2022 செப்டம்பரில் இந்த ஊரில் பேஸ்மென்ட்டுகள் பட்ட பாடு மறந்திருக்காது. 2024 ஜூலையில் டெல்லி பழைய ராஜிந்தர் நகரில், பேஸ்மென்ட்டில் நூலகம் நடத்திய பயிற்சி மையத்துக்குள் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே, 90 செ.மீ. அகலக் கதவின் மேல் சுமார் 110 கிலோ பாரம். வெளிப்பக்கம் திறக்கும் கதவை உள்ளேயிருந்து தள்ளிப் பாருங்கள்!

2. காற்று: சாதாரண ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், புதுக் காற்று தராது. மூன்று பேர் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தலைவலிதான்.

3. தீ: 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' கிளப்பில் மேடை வாணவேடிக்கை, சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். வீட்டில் யாரும் மத்தாப்பு கொளுத்தப் போவதில்லை. ஆனால் சூடான ஆம்ப், லூசான பிளக் பாயின்ட் போதாதா? இத்தனைக்கும் ஃபோம் உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தம் வெளியே போவதைப் பெரிதாகத் தடுக்காது. முட்டை அட்டையும் அப்படித்தான்.

நண்பரின் பையன் ட்ரம்ஸ் கற்கிறான். ராத்திரி அவன் தனியாக அங்கே இருப்பான். சத்தம் வெளியே வராத அறையிலிருந்து "அப்பா!" என்று கத்தினாலும் வெளியே வராது. இதைச் சொன்னபோதுதான் அவர் பிளானைச் சுருட்டினார்.

அப்போ என்ன செய்வது? மாடியில் ஜன்னல் உள்ள சின்ன அறை போதும். கனத்த திரை, துணி அலமாரி, புத்தக அடுக்கு இருந்தாலே குரல் பதிவு நன்றாக வரும். கீபோர்டுக்கு ஹெட்போன். ட்ரம்ஸுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் ரூம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் "ஏழு முதல் ஒன்பது வரை பாடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேட்கவே மாட்டேன், கீழேதான் வேண்டும் என்பவர்கள், முதலில் அந்த இடத்தை அப்படிப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பாருங்கள். அப்புறம் இரண்டாவது வழி, தண்ணீர் இறைக்கும் பம்ப்புக்குப் பேட்டரி, புதுக் காற்றுக்குக் குழாய், விளக்கு மின்னும் புகை அலாரம். இந்த நான்குக்கும் காசு ஒதுக்கிவிட்டு மைக் வாங்குங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் பேஸ்மென்ட் காருக்கே இருக்கட்டும்.