களப்பணியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்கல்வி வழிகாட்டிக் கட்டுரையில் சமூகப்பணிப் படிப்புக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் 3 ஆண்டு பி.எஸ்.டபிள்யூ. சேரலாம், எந்தப் பட்டதாரியும் 2 ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். பி.காம். முடித்த என் மகள் அப்படித்தான் சேர்ந்தாள். ஆனால் வகுப்பறை பாதிதான். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி: மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி. போய்வந்ததும் அறிக்கை எழுத வேண்டும். முதல் மாதம் அழுதுகொண்டே வீடு வந்தாள். (இரக்க மனம் போதும் என்றிருந்த எனக்கும் அது பாடம்.) பிறகு சமுதாய மேம்பாடு, மருத்துவம்-மனநலம், மனிதவளம் என்று சிறப்புப் பிரிவுகள், சம்பளத்துக்காகப் பலர் மனிதவளத்துக்கே ஓடுகிறார்கள். அடுத்த முறை எழுதும்போது, களப்பணிக்கு அலையும் பேருந்துச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு தந்தை, தாம்பரம்