தங்க வயலில் தங்க இடம்

சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கிலோமீட்டரைக் கணக்கிடுகிறார்கள். பிறகு சைக்கிளைப் பற்றி யோசிக்கிறார்கள். இரவு எங்கே படுப்பது என்பது கடைசியில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நகரத்தைச் சுற்றி வருவதென்றால் இந்த வரிசை பரவாயில்லை. கிராமத்துச் சாலைகளில் மூன்று நாள் போவதென்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். காரில் போகிறவர் ஓர் ஊரில் அறை இல்லையென்றால் அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். 60 கிலோமீட்டர் மிதித்துக் களைத்தவருக்கு அடுத்த ஊர் என்பது இன்னொரு நாள்.

கர்நாடகத்தில் நந்திதுர்க் என்ற பெயர் இரண்டு இடங்களுக்கு உண்டு. ஒன்று, பெங்களூருக்கு வடக்கே 60 கிலோமீட்டரில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலைக் கோட்டை. இன்னொன்று, கோலார் தங்க வயலின் பெரிய சுரங்கங்களில் ஒன்று. மலைக்கும் சுரங்கத்துக்கும் பெயர் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் மைசூரை நிர்வகித்த காலத்தில் கோலார் மாவட்டமே நந்திதுர்க் பிரிவில்தான் இருந்தது. ஒரு நந்திதுர்க்கிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்கபள்ளாபூர், சிட்லகட்டா, சிந்தாமணி, கோலார், பங்காருப்பேட்டை வழியாக ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பெங்களூரின் சைக்கிள்காரர்கள் ஞாயிறு காலையில் நந்தி மலை ஏறி, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். மறுபக்கம் இறங்குகிறவர்கள் குறைவு. வழியில் படுக்கை எங்கே என்று தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

முதல் இரவு மலை மேல். திப்பு சுல்தான் கோடை கழித்த, 1791இல் ஆங்கிலேயர் பிடித்த, காந்தி 1927இலும் 1936இலும் உடல் தேற ஓய்வெடுத்த இடம் இது. 1986இல் சார்க் தலைவர்களும் வந்தார்கள். இத்தனை பேருக்கு இடம் தந்த மலையில் நமக்குக் கிடைக்கும் அரசு அறைகள் மிகச் சில. சனி, ஞாயிறு கூட்டத்தோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை. வார நாளில் முன்பதிவு செய்துகொண்டு மாலையிலேயே ஏறிவிட்டால் மறுநாள் காலை இறக்கத்தில் தொடங்கும்.

இரண்டாவது இரவு சிந்தாமணியில். அன்றைய தூரம் 55 கிலோமீட்டருக்குள் அடங்கும். பாதிவழியில் வரும் சிட்லகட்டா, பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். அங்கே நின்று பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். சிந்தாமணி வியாபார ஊர் என்பதால் பஸ் நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் உண்டு. மலையில் கன்னடம் கேட்ட காதில் இங்கே தெலுங்கு விழும். தங்க வயலில் தமிழ். இந்த 120 கிலோமீட்டரில் மூன்று மொழிகளில் வாடகை பேசலாம்.

மறுநாள் 35 கிலோமீட்டரில் கோலார். நெடுஞ்சாலை ஊர், அறைகளுக்குப் பஞ்சமில்லை. அவசரமில்லாதவர்கள் இங்கே ஓர் இரவு தங்கலாம். கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழர்கள் இந்தப் பக்கம் வந்தது தங்கத்துக்காக மட்டுமல்ல என்பதற்கு அவை சாட்சி.

லாட்ஜுக்குப் போன் செய்யும்போது ‘ரூம் காலியா?’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடக் கூடாது. சைக்கிளை அறைக்குள் கொண்டுபோக விடுவார்களா? படிக்கட்டின் கீழே என்றால் பூட்டு உண்டா? விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறப்பார்களா? துவைத்த துணியைக் காயப்போட இடம் உண்டா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால்தான் அறை கிடைத்ததாக அர்த்தம். பஞ்சாங்கத்தையும் புரட்ட வேண்டும். முகூர்த்த நாளில் சின்ன ஊரின் அத்தனை அறைகளும் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். அடையாள அட்டை இல்லாமல் எங்கும் சாவி கிடைக்காது. தனியாக வரும் பெண்களுக்குச் சில லாட்ஜுகள் அறை தர மறுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வாசலில் நின்று வாதாடுவதைவிட முன்கூட்டியே கேட்டு அறிவது நல்லது. குடிநீரில் எச்சரிக்கை தேவை. இது வற்றாத ஆறு இல்லாத மாவட்டம். 2018 முதல் இங்குள்ள பல ஏரிகளில் நிரப்பப்படுவது பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். பார்க்க அழகாக இருக்கும் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடிக்கக் கூடாது.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்விகளுக்கு எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள். பிரிட்டனில் 1878இல் தோன்றிய சைக்கிள் பயணிகள் சங்கம், தானே விடுதிகளைத் தேர்ந்தெடுத்து வாசலில் தன் சின்னத்தை மாட்டியது. ஜெர்மனியில் சைக்கிளோட்டிகள் சங்கம் 1990களிலிருந்து விடுதிகளுக்குச் சான்று தருகிறது. நிபந்தனைகள் எளியவை: ஒரே ஓர் இரவுக்கும் அறை தர வேண்டும், சைக்கிளுக்குப் பூட்டிய இடம் வேண்டும், ஈரத் துணி காய இடம் வேண்டும், வயிறு நிறையக் காலைச் சாப்பாடு வேண்டும். இதில் எதுவும் பெரிய முதலீடு கேட்பதில்லை.

கடைசி இரவுதான் சிக்கல். கோலாரிலிருந்து பங்காருப்பேட்டை வழியாக 30 கிலோமீட்டர் மிதித்தால் தங்க வயல். பெமல் நகர், கோரமண்டல் தாண்டினால் நந்திதுர்க். ராபர்ட்சன்பேட்டையில் சாதாரண லாட்ஜுகள் கிடைக்கும். அவற்றை விட்டால் சொல்லும்படி அதிகமில்லை. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. நந்தி மலைத் தொடரில் பிறக்கும் பாலாறு பேத்தமங்கலம் ஏரி வழியாக இந்த ஊருக்குக் குடிநீர் தந்தது. அந்த ஆறு இறங்கிப் போகும் வட ஆற்காட்டிலிருந்துதான் தமிழ்த் தொழிலாளர்கள் எதிர்த்திசையில் ஏறி வந்தார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து இந்த ஊரின் முக்கியத் தொழில், விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவது.

2018இலும் 2022இலும் வந்த இரண்டு படங்கள் ‘கே.ஜி.எஃப்.’ என்ற மூன்று எழுத்துகளை நாடெங்கும் கொண்டுபோயின. ஊரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மூடிய சுரங்க எல்லைக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. தூரத்திலிருந்து இரும்புக் கோபுரத்தையும் சயனைட் மேட்டையும் படமெடுத்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். பகலில் வந்து போகிறவர் ஒரு டீக்கு மட்டும் காசு கொடுக்கிறார். இரவு தங்குகிறவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். சைக்கிள்காரர் கட்டாயம் தங்கியாக வேண்டியவர். இந்த ஊருக்கு அவரைவிடப் பொருத்தமான விருந்தாளி இல்லை.

வீடுகள் இல்லாமலில்லை. சுரங்கத்தின் கதையைச் சொல்ல, அதில் இறங்கி ஏறியவர்களே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விடுவதைப் பதிவு செய்யக் கர்நாடகச் சுற்றுலாத் துறையில் வழி இருக்கிறது. ஆனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸைத் தங்கள் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்பதே முன்னாள் தொழிலாளர்களின் நீண்ட நாள் கோரிக்கை. பத்திரம் கையில் இல்லாத குடும்பம் எதைக் காட்டி உரிமம் கேட்கும்?

ஆகவே இப்போதைக்கு யோசனை இதுதான். கடைசி இரவை ராபர்ட்சன்பேட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முழுவதையும் இங்கேயே செலவிடுங்கள். காற்று வீசும் நாளில் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்த மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட தூள் கிடக்கிறது. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரை வழிகாட்டியாகக் கேளுங்கள். கூலியைப் பேசிக் கொடுங்கள். நூறாண்டுக்கு மேல் ஊருக்கெல்லாம் தங்கம் கொடுத்த இடத்தில், வருகிறவர் தங்க ஓர் அறை கொடுத்துப் பிழைக்க வழி செய்வது அரசுக்குப் பெரிய காரியமல்ல. பத்திரத்தில் ஒரு கையெழுத்து போதும்.