உடற்பயிற்சி ஆசான் மருந்துக்கடைக்காரர் ஆகலாமா?



நம் கடாரத்தின் எந்தச் சிறுநகரத்துக்குச் சென்றாலும் இன்று ஓர் உடற்பயிற்சிக் கூடம் கண்ணில் படுகிறது. சுங்கை பட்டாணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கோல கெட்டில் என எங்கும் கடைவரிசைகளின் மேல்மாடியில் இரும்புத் தட்டுகள் மோதும் ஒலி கேட்கிறது. தோட்டத் திடலில் பந்து விளையாடிய தலைமுறை போய், கூலிம் தொழிற்பேட்டையில் மாறுநேர வேலை முடித்துவிட்டு இரவு பத்து மணிக்கு எடை தூக்கும் தலைமுறை வந்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலரைக் குண்டர் கும்பலின் பக்கம் போகாமல் தடுத்தவை இத்தகைய கூடங்களே. பள்ளியில் நாம் ஆறு ஆண்டுகள் சொல்லியும் கேட்காதவன், பயிற்றுநர் ஒரு வார்த்தை சொன்னால் சிகரெட்டை விடுகிறான். அந்தச் செல்வாக்கை நான் மதிக்கிறேன். மதிப்பதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி தருபவர், தம்மிடம் வருவோருக்குச் சத்துப்பொடி, மாத்திரை, பயிற்சிக்கு முன் குடிக்கும் கலவை ஆகியவற்றைப் பற்றி அறிவுரை கூறலாமா? பிள்ளைகள் 'சப்ளிமெண்ட்' என்று ஒரே சொல்லில் குறிப்பிடும் இப்பொருள்களை நான் துணைச்சத்துப் பொருள்கள் என்றே எழுதுகிறேன். கூறக்கூடாது என்பது என் கருத்து. எனினும் அந்தக் 'கூடாது' எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. முட்டை சாப்பிடு, இனிப்புப் பானத்தைக் குறை, நேரத்தோடு தூங்கு என்று சொல்பவரை யாரும் தடுக்கப் போவதில்லை. 'இந்தப் புட்டியை வாங்கு, நாளொன்றுக்கு இத்தனை கரண்டி குடி' என்னும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையன்று, என் பழைய மாணவனின் தாயார் ஒரு பெரிய கறுப்பு டப்பாவை நெகிழிப்பையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், கோச் குடுத்தாராம். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். மகனுக்கு வயது பதினாறு, நான்காம் படிவம், எடை 58 கிலோ. டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. ஒரு கரண்டியில் 300 மில்லிகிராம் காஃபின் உள்ளது என்பது மற்றொன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, வளரும் பிள்ளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்னும் அளவையே ஒரு நாளைக்குக் கவலையில்லாத அளவாகக் கூறுகிறது. அப்படியானால் அந்தப் பையனுக்கு 174 மில்லிகிராம். ஒரே கரண்டியில் அவன் எல்லையைத் தாண்டிவிடுகிறான். கூடத்தில் அவனுக்குச் சொல்லப்பட்டதோ ஒன்றரைக் கரண்டி. இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவன் சொன்னதற்கு, "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் கிடைத்ததாம். இதனைச் சொன்னவர் தீயவர் அல்லர். இருபத்து நான்கு வயது இளைஞர். அவருக்கு அவருடைய பயிற்றுநர் சொன்னதை இவர் இவனுக்குச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கமன்று. 1998ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொண்டு வந்த 37 வயதுப் பெண் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்திலேயே மயங்கி விழுந்து, மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அவருடைய பயிற்றுநர் பரிந்துரைத்த துணைச்சத்துப் பொருள்களில் ஒன்றில் எஃபெட்ரா என்னும் மூலிகைச் சாறு இருந்தது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2006இல்தான் சமரசமாக முடிந்தது. இழப்பீடு நாற்பது இலட்சம் டாலருக்கும் மேல். எஃபெட்ரா கலந்த துணைச்சத்துப் பொருள்களை அமெரிக்க அரசு 2004இல் தடை செய்தது. 2012இல் இலண்டன் மரத்தான் ஓட்டத்தில், முடிவுக் கோட்டுக்கு அருகில் 30 வயதுப் பெண்ணொருவர் விழுந்து இறந்தார். அவர் குடிநீரில் கலந்திருந்த பொடியில் டி.எம்.ஏ.ஏ. என்னும் ஊக்கப்பொருள் இருந்ததும், அது அவர் சாவுக்குக் காரணமாயிருக்கக்கூடும் என்பதும் மறு ஆண்டு விசாரணையில் தெரியவந்தன. அப்பொடி அந்நாள்களில் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டது.

நியூயார்க் நிகழ்ச்சியில் நான் கவனிப்பது ஒன்றுதான். அந்தப் பொருள் எல்லாரையும் கொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு நோயும் ஒரு மருந்தும் உள்ள உடலில் அது ஆபத்தாயிற்று. எந்த உடலில் எந்த நோய் இருக்கிறது என்பதைப் பயிற்றுநர் எவ்வாறு அறிவார்? நம் நாட்டின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள். இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நிற்பவர்கள் இந்தியர்களாகிய நாம்தான். உயர் இரத்த அழுத்தம் பத்தில் மூவருக்கு. ஆகவே நாற்பது வயதில் தொப்பையைக் குறைக்கக் கூடத்தில் சேரும் நம் பெற்றோர் ஒருவருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். 'எனக்கு நோயில்லை' என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொன்னாலும் அது சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. அவருக்குக் 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரையை நீட்டுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுபவருக்கு ஒப்பானவர்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். நம் நாட்டில் வைட்டமின் மாத்திரை, மூலிகை மாத்திரை முதலியவை 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவெண் 'எம்.ஏ.எல்.' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்களோடு ஓர் எழுத்தில் முடியும். 'என்' என்று முடிந்தால் துணைச்சத்துப் பொருள்; 'டி' என்று முடிந்தால் பாரம்பரிய மருந்து. சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. என்னும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், அது மெய்யான எண்ணா, எந்தப் பொருளுக்குரியது என்பது தெரிந்துவிடும். ஒட்டப்பட்ட பளபளப்பு முத்திரையையும் பார்க்க வேண்டும். ஆனால் பெற்றோர் பலரைக் குழப்பும் செய்தியொன்று உண்டு. வெறும் புரதப்பொடி பெரும்பாலும் உணவுப் பொருளாகவே கருதப்படுகிறது. அதற்கு 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் பொருந்தும். எனவே அதில் எம்.ஏ.எல். எண் இல்லாததைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எண் இல்லாத 'உடல் மெலியும் மாத்திரை'யைக் கண்டால் அஞ்சத்தான் வேண்டும். அத்தகைய பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இலேயே பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. அமெரிக்காவிலும் 2007 முதல் 2016 வரை, மறைமுகமாக மருந்து கலக்கப்பட்ட 776 துணைச்சத்துப் பொருள்களை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் இனங்கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்மை, உடல் மெலிவு, தசை வளர்ச்சி ஆகிய மூன்றின் பெயரால் விற்கப்பட்டவை. சிட்டையில் எழுதாத ஒன்று உள்ளே இருக்கும்போது, சிட்டையை எவ்வளவு கவனமாகப் படித்த பயிற்றுநரும் என்ன செய்ய இயலும்? ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்டது அது. கூடத்தில் ஒருவர் அதை விற்றால் அது குற்றம்.

இங்கே தோட்டத்து வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தோட்ட மருத்துவமனையில் பணியாற்றிய 'டிரஸர்' ஐயாவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவார், தம்மால் இயலாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாட்டாளிகளுக்கு மருந்து கொடுப்பவர் இன்னார் என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என அக்காலத்திலேயே கருதியிருக்கிறார்கள். உணவுமுறை நிபுணர்களும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டியவர்களே. அந்தப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகளுக்குக் கரண்டிக் கணக்கில் பொடி அளந்து கொடுப்பவர் மட்டும் எங்கும் பெயர் பதிய வேண்டியதில்லையா? உலகளவில் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்க உடற்பயிற்சி மன்றமே, துணைச்சத்துப் பொருள்களைப் பரிந்துரைப்பது பயிற்றுநரின் பணி எல்லைக்குள் வராது என்று கூறுகிறது.

பயிற்றுநர்களின் பக்கத்தையும் கேட்டிருக்கிறேன். சம்பளம் குறைவு, டப்பா விற்றால் கழிவு கிடைக்கிறது, அதைக்கொண்டுதான் மோட்டார் சைக்கிள் தவணை கட்டுகிறோம் என்கிறார்கள். அது பொய்யன்று. ஆனால் அறிவுரை கூறுபவரே விற்பவராகவும் இருந்தால் அந்த அறிவுரையை எதைக்கொண்டு எடைபோடுவது? "நாங்க சொல்லலைன்னா பிள்ளைங்க ஷாப்பியில பார்த்துத் தானாவே வாங்கிடுவாங்க டீச்சர்" என்று இன்னொருவர் கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. எனவே பயிற்றுநர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'இது உனக்கு வேண்டாம், உனக்குப் பதினாறு வயது' என்று அவர் சொல்லட்டும். 'எனக்குத் தெரியாது, மருந்தகரிடம் கேள்' என்றும் சொல்லட்டும். அவர் சொன்னால் கேட்பார்கள் என்பதனாலேயே அவர் வாயிலிருந்து அது வர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, சினம் கொள்ள வேண்டாம். நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. நேரடி விற்பனை நிறுவனங்களின் சத்துமாவையும் நினைவாற்றல் மாத்திரையையும் பெற்றோரிடம் விற்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இல்லையா? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, ஆறாம் ஆண்டுப் பெற்றோர்தாம் அதற்கு முதன்மை வாடிக்கையாளர்கள். வகுப்பாசிரியர் சொல்லும்போது மறுக்க ஒரு தாய்க்கு எப்படி மனம் வரும்? உடற்பயிற்சிக் கூடத்தில் நடப்பதும் இதுவே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் குழந்தை உளவியல் கற்பித்தார்கள், மருந்தியல் கற்பிக்கவில்லை.

சரி, பையனுக்கு உண்மையில் என்ன வேண்டும்? வளர்ந்தவருக்குப் பொதுவாக எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் போதுமானது. கடுமையாக எடை தூக்குவோருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்கிறார்கள் விளையாட்டு ஊட்டவியலார். 58 கிலோ எடையுள்ள பையனுக்கு, கீழெல்லையின்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 81 கிராம். இரண்டு முட்டையில் 12, உள்ளங்கையளவு கோழியில் 27, ஒரு கெம்போங் மீனில் 20, நூறு கிராம் தெம்பேயில் 19, ஒரு கோப்பைப் பாலில் 8. கூட்டிப் பாருங்கள், 86 வந்துவிட்டது. சோற்றிலும் பருப்பிலும் உள்ளதை நான் சேர்க்கவே இல்லை. டப்பாவிலுள்ள ஒரு கரண்டிப் புரதப்பொடி ஏறக்குறைய நான்கு முட்டைக்குச் சமம். அது நஞ்சன்று, சமைக்க நேரமில்லாத தொழிற்சாலை ஊழியருக்கு வசதியாகக்கூட இருக்கலாம். ஆனால் மாதம் இருநூறு முந்நூறு வெள்ளியைத் தாயின் சம்பளத்திலிருந்து எடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுவன்று. தெம்பேயை 'மலாய்க்காரர் சாப்பாடு' என்று ஒதுக்கும் நம் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

கிரியேட்டின் பற்றியும் கேட்கிறார்கள். வளர்ந்தவர்களிடம் மிகுதியாக ஆராயப்பட்ட பொருள் அது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் என்னும் அளவில் நலமாயுள்ளோருக்குப் பெருந்தீங்கு காணப்படவில்லை. எனினும் பதின்ம வயதினர் இதைப் பயன்படுத்துவதை அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் ஊக்குவிப்பதில்லை. இதை எடுத்துக்கொள்பவர் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரக நலத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இதனால் சற்று ஏறித் தோன்றும்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். கூடத்தில் சேருவதற்கு முன் அங்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். தேவையானால் மருத்துவமனையின் உணவுமுறை நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள். டப்பாவை வாங்கிவிட்டீர்கள் என்றால், அதை அப்படியே பக்கத்து மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று அங்குள்ள மருந்தகரிடம் காட்டுங்கள். படித்துச் சொல்ல அவர் காசு கேட்பதில்லை. எங்கள் பள்ளியில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு மருந்தகர் ஒருவரையும் பயிற்றுநர் ஒருவரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேச வைக்க வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட அண்ணன் அக்காமார்களையும் பெற்றோர் உடன் அழைத்து வரலாம். அந்தப் பயிற்றுநர் விற்பனைக்கு எதையும் கொண்டு வரக்கூடாது என்பது மட்டுமே நான் வைத்திருக்கும் நிபந்தனை.