பன்னிரண்டு வோல்ட்தானே!

போன மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்குத் தங்கச்சியிடமிருந்து போன். நான் இருப்பது குவஹாத்தியில். தேயிலைக் காட்டில் பிறந்தவனை வங்கி உத்தியோகம் தூக்கி இன்னொரு தேயிலை மாநிலத்தில் போட்டிருக்கிறது. வண்டிப்பெரியாரிலிருந்து அந்நேரத்துக்கு போன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் மனசு நினைக்கும்.

"அண்ணே, வண்டி எரியப் பாத்துச்சு. அவருக்கு உள்ளங்கை வெந்துபோச்சு. வேற ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க."

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு சின்ன லோடு வண்டியில் பாடி கட்டி டீக்கடை நடத்துகிறார். காலையில் டீயும் வடையும். மண்டல சீசன் வந்தால் சத்திரம் பக்கம் போய்விடுவார். புல்லுமேடு வழியாக மலைக்கு நடக்கிற சாமிமார்கள் இறங்குகிற இடம் அது. அங்கே போனால் படுக்கை, சாப்பாடு எல்லாம் வண்டிக்குள்ளேதான். விளக்கு, மிக்ஸி, பாட்டு எல்லாவற்றுக்கும் சீட்டுக்குப் பின்னால் இரண்டாவது பேட்டரி ஒன்று. இங்கிலீஷ்காரன் இதற்கு 'லெஷர் பேட்டரி' என்று பெயர் வைத்திருக்கிறான். ஓய்வுநேரப் பேட்டரி! நம்ம ஊரில் ராத்திரி முழுக்க உழைப்பதே அதுதான்.

அன்றைக்கு விடியற்காலை வியாபாரத்துக்காக வண்டியிலேயே படுத்திருக்கிறார். ரப்பர் கருகுகிற வாசனைக்கு எழுந்து பார்த்தால், பேட்டரியிலிருந்து முன்பக்கம் போகிற வயர் சிவப்பாகத் தகதகக்கிறது. அணைக்க சுவிட்ச் இல்லை. வயரைக் கையால் பிடித்து இழுத்துப் பிடுங்கியிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. கேபினின் இரும்புத் தகட்டில் துளை போட்டு வயரை விட்டிருக்கிறார்கள். துளையில் ரப்பர் வளையம் கிடையாது. குட்டிக்கானம் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி, தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டது. செம்பு பாடியைத் தொட்டது. நடுவில் ஃபியூஸ் இல்லை. அவ்வளவுதான் கதை.

வேலை செய்தவரைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?"

நண்பர்களே, இந்த 'தானே'யோடுதான் எனக்குச் சண்டை.

நான் பி.காம். படித்தவன், எஞ்சினியர் இல்லை. ஆனால் இதற்கு வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும். 600 வாட் மிக்ஸி வீட்டில் 230 வோல்ட்டில் ஓடினால் 2.6 ஆம்பியர் இழுக்கும். அதே மிக்ஸியை இன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 50 ஆம்பியருக்கு மேல் போகும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். வயரைச் சுட வைப்பது ஆம்பியர். அதாவது 12 வோல்ட்டுக்கு வீட்டு வயரைவிடப் பல மடங்கு தடித்த வயர் வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டு வயரிங்கில் மிச்சமான 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்து மாட்டுகிறார்கள்!

இன்னொரு கணக்கு. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியின் இரண்டு முனையும் நேராக ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆயிரத்தைக்கூடத் தாண்டும். மெல்லிய வயரில் அது சில கிலோவாட் சூடு. இரண்டு மூன்று இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து, ரெக்சின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்ட மாதிரி. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். எரிக்கும்.

இனி என் குற்றம். இதைச் சொல்லாமல் அந்த வேலை செய்தவரை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் இல்லை.

பேட்டரி வைக்கும்போது கம்பத்தில் ஒரு கடையில் எஸ்டிமேட் வாங்கி மாப்பிள்ளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பேட்டரி விலைக்குக் கீழே கேபிள், ரிலே, ஃபியூஸ் இரண்டு, லக், ஃபியூஸ் பாக்ஸ், கூலி என்று தனியாக 5,400 ரூபாய். பணம் கொடுக்கப் போகிறவன் நான். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் கொட்டேஷனில் கோடு போட்டுப் பழகிய கை. "மாப்ள, இதெல்லாம் கடைக்காரன் கறக்குற வழி. பேட்டரியை மட்டும் வாங்குங்க, வயரை உள்ளூர்ல யாரையாவது வச்சு மாட்டிக்கலாம்" என்றேன். "சரி மச்சான்" என்றார். 600 ரூபாயில் வேலை முடிந்தது. 4,800 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நான் அடித்த அந்த வரிகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று இப்போதுதான் படித்தேன்.

ஃபியூஸ் விளக்கையோ மிக்ஸியையோ காப்பாற்ற வந்தது இல்லை, வயரைக் காப்பாற்ற வந்தது. அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அளவும் வயர் தாங்குகிற ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஏன் இரண்டு ஃபியூஸ்? எஞ்சின் பேட்டரிக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் நடுவில் ஓடுகிற கேபிளுக்கு இரண்டு பக்கமும் கரண்ட் இருக்கிறது. நடுவில் எங்கே அறுந்து பாடியைத் தொட்டாலும் இரண்டு பேட்டரியும் சேர்ந்து கொட்டும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் மறுமுனை விடாது.

ரிலே எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்க்கும், நின்றதும் பிரிக்கும். அது இல்லாவிட்டால் ராத்திரி பாட்டுக்கு எஞ்சின் பேட்டரியும் சேர்ந்து காலியாகி, காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். புதிய பிஎஸ் 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஏறி இறங்கும், அதில் வெறும் ரிலே போதாது. லித்தியம் பேட்டரி என்றால் ஆல்டர்னேட்டரையே வறுத்துவிடுகிற அளவுக்கு இழுக்கலாம். இந்த இரண்டுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

தடித்த கேபிள் ஆடம்பரம் இல்லை. 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர், 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதுர மில்லி வயரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 14 புறப்பட்டால் 12 தான் வந்து சேரும். பேட்டரி ஒருநாளும் நிறையாது, சீக்கிரம் சாகும். நாம் பேட்டரிக் கடைக்காரனைத் திட்டுவோம். 16 சதுர மில்லியில் இழப்பு அரை வோல்ட்கூட இல்லை.

"இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகல" என்பார்கள். வயரின் தோல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்கிறது. இருபதாவது வருஷமும் அதே கணக்கில்தான் சேரும். "கம்பெனிக்காரனே ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸ் வைக்கலையே" என்பது கொஞ்சம் விவரமானவர்கள் கேள்வி. பல வண்டிகளில் அது சரிதான். அந்தக் கேபிள் குட்டையானது, கட்டை விரல் தடிமன், உரசாதபடி கிளிப் போட்டு இறுக்கியது. நீங்கள் மிதியடிக்கு அடியில் இழுத்த ஐந்து மீட்டர் வயரும் அதுவும் ஒன்றா?

2023 பிப்ரவரி 2-ஆம் தேதி கண்ணூரில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போன கார் தீப்பிடித்து, முன்சீட்டில் இருந்த கர்ப்பிணியும் கணவரும் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். கூடுதலாக மாட்டிய கருவிகளின் வயரிங் மேல் அப்போது சந்தேகம் விழுந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஜெய்சல்மேரில் ஏசி ஸ்லீப்பர் பஸ் எரிந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அங்கேயும் முதலில் பேசப்பட்டது ஷார்ட் சர்க்யூட். நமக்கு இன்னும் பக்கத்தில், 2011 ஜனவரி 14 மகரஜோதி ராத்திரி புல்லுமேட்டு நெரிசலில் 100 பேருக்கு மேல் இறந்ததை வண்டிப்பெரியார்க்காரன் யாரும் மறக்க முடியாது. அது தீ விபத்து இல்லை. ஆனால் அந்த மாதிரிக் கூட்டத்துக்கு நடுவில், இருட்டில், கேஸ் சிலிண்டரோடு நிற்கிற ஒரு வண்டி பற்றிக்கொண்டால்? மாப்பிள்ளை உயிர் மட்டும் அங்கே கணக்கில் இல்லை.

எங்கள் வங்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்ரா திட்டம் 2015-இல் வந்த பிறகு இப்படி எத்தனை வண்டிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம்! கொட்டேஷன் கேட்கிறோம், மார்ஜின் கேட்கிறோம், ஆர்சியில் ஹைப்போதிகேஷன் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். கடன் கொடுத்தபின் நேரில் போய் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுக்கிறோம். பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்னொரு போட்டோ எடுத்தால் என்ன குறைந்துவிடும்? எரிந்த வண்டி வங்கிக்கும் சொத்து இல்லை. சொல்லாமல் செய்த மாற்றம் என்று இன்ஷூரன்ஸ் கையை விரித்தால் கடன்காரரும் தெருவில், கடனும் தெருவில். இனி என் மேசைக்கு வருகிற கடை வண்டிக்கு அந்தப் போட்டோ இல்லாமல் ஃபைல் மூடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

வண்டியில் இரண்டாவது பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபியூஸ் இருக்கிற இடத்தில் செம்பு இழையோ சிகரெட் தாளோ சுற்றியிருந்தால் அது ஃபியூஸ் இல்லை. வீட்டு எம்சிபி மாட்டியிருந்தால் அதில் டிசி அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் வேண்டும். பேட்டரி அசையாமல் பட்டை போட்டு இறுக்கியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற இன்வெர்ட்டர் பேட்டரியைப் படுக்கிற இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

மாப்பிள்ளை கை ஆறிக்கொண்டிருக்கிறது. கம்பத்துக் கடையின் பழைய எஸ்டிமேட்டைத் தேடி எடுத்து, நான் கோடு போட்ட வரிகளுக்கான பணத்தை நேற்று அனுப்பிவிட்டேன். விலை இப்போது 6,100 ஆகியிருக்கிறது. "இதுலயும் எதாவது குறைக்கலாமா மச்சான்?" என்று கேட்டார்.

ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம் என்றேன்.