வாரத்தில் எத்தனை நாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பத்துமலைக்குப் போனால் இரண்டு வகையான பக்தர்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர் முருகனைத் தரிசிக்கப் படியேறுகிறவர்கள். இன்னொரு வகையினர் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறுகிறவர்கள். காலில் விளையாட்டுக் காலணி, கையில் தண்ணீர்ப் போத்தல், இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம். 272 படிகளை ஐந்து முறை ஏறி இறங்கிவிட்டால் அந்த வாரக் கடமை முடிந்தது என்ற நிறைவு முகத்தில் தெரியும். அப்புறம் பசிக்கும். பசித்தால் ரொட்டி சானாய்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தப் படிகளை ஒரு முறை ஏறினால் ஏறத்தாழ 40 கலோரி செலவாகும். ஐந்து முறைக்கு 200. இறங்குவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. கூட வரும் பருப்புக் குழம்பையும், பால்மாவு தூக்கலாகப் போட்ட தே தாரேக்கையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. படியேறியது வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைக்கும் அது நல்ல வேலை. ஆனால் எடை குறைய அந்த ஒரு காலை போதாது.

அப்படியானால் எத்தனை நாள் வேண்டும்? எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையில் இருந்த இளைஞர் ஒருவரும் இதையே கேட்டார்.

"அண்ணே, வாரத்துக்கு மூணு நாள் ஜிம்முக்குப் போறேன். நாலு மாசம் ஆச்சு. ரெண்டு கிலோகூட குறையல. அஞ்சு நாளாக்கினா குறையுமா?"

"போகாத நாள்ல என்ன செய்றீங்க தம்பி?"

"வேலைதாண்ணே. வீட்டுக்கு வந்தா அசதி, படுத்துருவேன். ஜிம் போற நாள்ல பசி வேற பயங்கரமா எடுக்குது."

அவருடைய கேள்விக்கு அவரே பாதி பதிலைச் சொல்லிவிட்டார். உடற்பயிற்சியில் செலவழித்ததை உடல் வேறு வழிகளில் திரும்ப வாங்கிக்கொள்ளும். பசியைக் கூட்டும். ஒரு கரண்டி சோறு அதிகமாகக் கேட்கும். மற்ற நேரத்தில் நம்மை நாற்காலியிலேயே உட்கார வைக்கும். எதையும் நாம் தெரிந்து செய்வதில்லை.

இப்படித் திரும்பப் பிடுங்கப்படுவது எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கைல் பிளாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. அதிக எடையுள்ள, அதுவரை உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 44 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டே நாள், ஆனால் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம். மூன்றாம் பிரிவினர் எதுவும் செய்யவில்லை. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆறு நாள் செய்தவர்களின் உடலில் கொழுப்பு குறைந்திருந்தது. இரண்டு நாள் செய்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான குறைவு இல்லை.

எனக்கு இதைவிடச் சுவையாகப்பட்டது அடுத்த விஷயம். இரண்டு பிரிவினரின் உடலும் வாரத்துக்கு ஏறத்தாழ 1,000 கலோரியைத் திரும்ப வாங்கிக்கொண்டன. ஆறு நாள்காரர்கள் வாரத்துக்கு 2,700 கலோரிக்கு மேல் செலவழித்ததால், அந்த ஆயிரம் போனபிறகும் கையில் மிச்சம் இருந்தது. இரண்டு நாள்காரர்கள் செலவழித்ததே சுமார் 1,500 கலோரிதான். ஆயிரம் போனால் மீதி என்ன? மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் கார்க் கடனும் பிடித்த பிறகு கைக்கு வருவதுபோல. பிடித்தம் ஒரே தொகைதான். சம்பளம் சிறியதாக இருந்தால் சேமிக்க ஒன்றும் இருக்காது.

44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் பெரிய அமைப்புகள் சொல்வதும் இதை ஒட்டியே இருக்கிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வாரத்துக்கு 150 முதல் 250 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தால் எடை சற்றுத்தான் குறையும், கண்ணுக்குத் தெரியும்படி குறைய 250 நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்கிறது. பலரும் மேற்கோள் காட்டும் அந்த 150 நிமிடம், உலகச் சுகாதார நிறுவனம் பொதுவான உடல்நலத்துக்காகச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதை எடைக் குறைப்புக்கான அளவு என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஏமாந்து, "எனக்கு உடற்பயிற்சி ஒத்துவரல" என்று கைவிட்டவர்கள் பலர்.

250 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? ஐந்து நாள் என்றால் நாளுக்கு 50 நிமிடம். ஆறு நாள் என்றால் 40 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். இரண்டே நாள் என்றால் ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சனி ஞாயிறில் அதைச் செய்து, திங்கட்கிழமை காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். நாள் எண்ணிக்கையில் தனியாக மந்திரம் எதுவும் இல்லை. மொத்த அளவுதான் எடையைத் தீர்மானிக்கிறது. அந்த மொத்த அளவை நம்மைப் போன்ற வேலை, குடும்பம் உள்ளவர்கள் எட்டிப் பிடிக்க ஐந்தாறு நாள் தேவைப்படுகிறது.

நம் தாத்தா பாட்டிகளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்குடன் ரப்பர் நிரைக்குள் நுழைந்து, நானூறு ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாக நடந்து சீவி, பிறகு அதே வழியில் திரும்பவும் நடந்து பாலெடுத்து, வாளியைச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. அந்த உடம்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபோது நடையை அங்கேயே விட்டுவிட்டோம். சோற்றின் அளவை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்தவர் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளும் அத்தைமார் இன்னும் இருக்கிறார்கள்.

அதன் விளைவு சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் தெரிந்தது. நாட்டில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடு. மூன்று இனங்களிலும் அதிகம் நாம்தான். இனிப்பு நீர் நாட்டில் 18.3 விழுக்காட்டினருக்கு. இந்தியர்களுக்கு 31.4. அதாவது மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அதிக எடை விழுக்காடு 54.4 ஆக ஏறியது. கல்யாண வீட்டில் ஒரு பந்தியை நினைத்துப் பாருங்கள். முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஒன்பது பத்துப் பேர். அதனால்தான் எடைக்கான கேள்வியை எடையோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை.

சர்க்கரையைப் பொறுத்தவரை நாள் எண்ணிக்கைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நடக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள் நீடித்து, பிறகு மங்கிவிடும். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், உடற்பயிற்சி இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போக விடாதீர்கள் என்று சொல்கிறது. ஞாயிறு படியேறி, அடுத்த ஞாயிறுவரை உட்கார்ந்திருப்பவருக்கு நடுவில் நான்கைந்து நாள் அந்தப் பாதுகாப்பு இல்லை. தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைவரை நடக்கும் நடையும் அப்படித்தான். முருகன் கணக்கில் அது வேறு. சர்க்கரையின் கணக்கில் அது ஒரு நாள்.

இதற்கு நம்மவர்களிடமே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. சென்னையில் டாக்டர் ஏ.இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் வாசல்வரை வந்துவிட்ட 531 பேரைப் பிரிவுகளாகப் பிரித்து ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் குறைந்தது அரை மணி நேரம் விறுவிறுப்பான நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. இதில் பலரும் கவனிக்காத செய்தி, நடந்த பிரிவினரின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பது. தராசு முள் அசையாமலே சர்க்கரை கட்டுப்பட்டிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தம்பியிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். எடை குறையவில்லை என்று பயிற்சியை நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியாமல் கிடைத்துக்கொண்டிருக்கும் பலனும் போய்விடும். தராசோடு ஒரு அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தராசு காட்டாத மாற்றத்தைப் பல நேரம் நாடா காட்டும்.

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த ஐந்தாறு நாளை எங்கே தேடுவது? நேரமில்லை என்பது பொய்யில்லை. போக்குவரத்து நெரிசலே நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, இருக்கும் நாளுக்குள் நடையைச் செருகுவது எளிது. கொமுட்டரிலோ எல்ஆர்டியிலோ வருகிறவர்கள் ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடக்கலாம். கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் மாலை ரயிலுக்கு முன் ஜாலான் துன் சம்பந்தனை ஒரு முறை முழுதாக நடந்து வந்தால் இருபது நிமிடம் சேர்ந்துவிடும். பலகாரக் கடைகளைப் பார்க்காமல் நடப்பதுதான் சிரமம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. சிறு சிறு துண்டுகளும் கணக்கில் சேரும்.

கிள்ளான்வாசிகளுக்குத் தாமான் ராக்யாட் இருக்கிறது. தலைநகரில் தித்திவாங்சா ஏரிப் பூங்கா. மாலையில் மழை பிடித்துக்கொண்டால் பேரங்காடிக்குள் நடங்கள், பணப்பையைக் காரில் வைத்துவிட்டு. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2014 முதல் ஞாயிறு காலைகளில் நகர மையச் சாலைகள் சிலவற்றை வாகனங்களுக்கு மூடிவிடுகிறது. குடும்பத்தோடு போக நல்ல இடம். ஆனால் அது வாரத்தின் ஒரு நாளுக்குத்தான்.

வீட்டில் இருக்கும் பெண்கள், "நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று கேட்பார்கள். அடுப்படி வேலை உட்கார்ந்திருப்பதைவிட மேல்தான். ஆனால் மூச்சு சற்று வாங்கும் அளவு வேகம் அதில் வருவதில்லை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பதுதான் கணக்கு. சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடப்பது இவர்களுக்கு ஏற்ற வழி. மூன்று வேளையும் இப்படி நடந்த முதியவர்களின் சர்க்கரை, காலையில் 45 நிமிடம் ஒரேயடியாக நடந்த நாளைவிடக் குறையாமல் கட்டுப்பட்டதை 2013இல் ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு காட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நடை குறிப்பாக நல்ல பலன் தந்தது. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடுதான் பெரியது, அதுவும் ஒன்பது மணிக்கு. அதற்கு மேல் நேராகத் தொலைக்காட்சி.

ஐந்தாறு நாளில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க எடை தூக்குவதோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதோ ஏதாவது ஒன்று வேண்டும். அம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

தம்பிக்கு நான் சொன்ன யோசனை இவ்வளவுதான். ஜிம் மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். மற்ற நாள்களில் மூன்றில் 40 நிமிட நடை. ஒரு நாள் ஓய்வு. ஜிம் முடித்து வந்த இரவு தட்டில் விழும் சோற்றை ஒரு மாதம் கவனிக்க வேண்டும். "குறைக்கச் சொல்லலையா?" என்று கேட்டார். முதலில் பாருங்கள் என்றேன். பார்த்தாலே பாதி குறையும்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடையைக் கூட்டுமுன் தங்கள் கிளினிக் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மருந்துகளோடு நடையும் கூடும்போது சர்க்கரை திடீரென இறங்கும். கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ உடனே வாயில் போட, சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் நடையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.